அண்ணனுக்கு ரத்தம் நிற்காது என்று சொன்னோம்

அண்ணன் ஆண்டவர் சமூகத்துக்குச் சென்று இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதும்படி பெரியநைனா சொல்லியனுப்பினார். நான் நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் சித்தூர் பக்கம் பாலசமுத்திரத்தில் பிறந்தார். நாங்கள் நைனா என்றழைக்கும் எங்கள் அப்பா அங்கே மிஷன் பள்ளி ஆசிரியர். தவழும் வயதிலேயே அண்ணனின் முழங்கால்கள் நீலம் பாய்ந்து வீங்கும். வாதம் என்றார்கள், வளர்ந்தால் சரியாகும் என்றார்கள். அண்ணனுக்குப் பத்து வயதானபோது நைனா காலமானார். அதன்பின் எங்கள் வீட்டு முடிவுகளை நைனாவின் மூத்த சகோதரரான பெரியநைனாவே எடுத்தார்.

பதின்மூன்று வயதில், புத்தலப்பட்டுச் சாலையில் அண்ணன் சைக்கிளிலிருந்து விழுந்தார். இடது முன்கை பூசணிக்காய் போல வீங்கியது. பெரியநைனா அவரை ஒரு கட்டுக்காரரிடம் அழைத்துப் போனார். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். அன்று மாலையே அண்ணன் அலறத் தொடங்கினார். மறுநாள் விரல்கள் மரத்துப்போயின.

"விரலு நீலமா ஆயிக்கினு வருது மாமா. கட்ட அவுத்துடலாம்" என்று அம்மா கெஞ்சினார்.

"அவுத்தா கை கோணிக்கும். புள்ள கத்திக்கினுதான் இருப்பான். நீ உள்ள போ" என்றார் பெரியநைனா.

அம்மா உள்ளே போனார். அதை அவர் இன்றுவரை தன்னையே மன்னிக்காமல் சுமக்கிறார்.

மூன்றாம் நாள் விரல்கள் சில்லிட்ட பிறகுதான் திருப்பதிக்குப் பஸ் ஏற்றினார்கள். உறவில் ஐந்து ஆண்கள் துணைக்கு வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர், கட்டை வெட்டியெடுத்துப் பார்த்துவிட்டு, அம்மா பக்கம் திரும்பினார். தெலுங்குக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"உங்க வீட்டுல ஆம்பளைங்க யாருக்காச்சும் ரத்தம் நிக்காம போயிருக்குதாம்மா?"

"எங்க தம்பிக்கு சார். பல்லு புடுங்கினாங்க. நாலாம் நாளு போயிட்டான்."

டாக்டர் அம்மாவை உட்காரச் சொன்னார். பிறகு விளக்கினார். இது ரத்தம் உறையாத நோய். தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரும். உள்ளே கசிந்த ரத்தம் ஒருபுறம், வெளியே இறுகிய கட்டு ஒருபுறம் என்று சதை நடுவில் நசுங்கிச் செத்துவிட்டது. உடனே புது ரத்தம் ஏற்ற வேண்டும். யார் கொடுப்பீர்கள்?

துணைக்கு வந்த ஐவரும் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். இருவர் திரும்பி வந்தார்கள், ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க.

ரத்தம் கொடுத்தவர் நாங்கள் வந்த பஸ்ஸின் கண்டக்டர். வேலை முடிந்து, விசாரித்துக்கொண்டு வார்டுக்கே வந்தார். "அந்தக் கையப் பாத்ததுலேந்து சோறு எறங்கல மா. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கச் சொல்லு" என்றார். அடுத்தவர், வார்டு பெருக்கும் அம்மாள்.

உயிர் தப்பியது. கை தப்பவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி, பறவையின் கால்போல நின்றுவிட்டன. அண்ணன் வலது கையால் மட்டும் டைப் அடிக்கக் கற்று, சித்தூர் கோர்ட் வாசலில் மனு எழுதும் வேலைக்கு உட்கார்ந்தார். பொறுமைசாலி என்று பொய் எழுத மாட்டேன். முழங்கால் வீங்கும் நாட்களில் சாப்பாட்டுத் தட்டை விசிறியடிப்பார். ஆனால், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று சபை விருந்தில் அவருக்குத் தனி இலை போட்டவர்கள் நிலத் தகராறு வந்தபோது அவரிடமே வந்தார்கள். எழுதிக் கொடுத்தார். நானாயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

எனக்குத் திருமணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளை வீட்டுக்கு அண்ணனே போய், பிறக்கும் ஆண் குழந்தைக்கு இந்த நோய் வரலாம் என்று சொல்லிவிட்டார். நிச்சயம் முறிந்தது. இரண்டு வருடம் நான் அவரோடு பேசவில்லை. பிறகு சூளூர்பேட்டை ரயில் நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர் பெண் பார்க்க வந்தார். அவரிடமும் அண்ணன் சொன்னார். "சொல்லிட்டீங்க இல்ல, போதும். தேதி குறிங்க" என்றார் அவர். அவர்தான் என் கணவர்.

கோர்ட் படியில் சறுக்கி விழுந்ததில் அண்ணனின் தொடையில் கட்டிய ரத்தம் கரையாமல் இரண்டு வருடமாகக் கல்போல வளர்ந்தது. சென்ற ஆண்டு காய்ச்சலும் சேரவே, பக்கத்திலிருந்த தனியார் டாக்டரிடம் பெரியநைனாவோடு போனோம். சீழ் என்று கத்தியை எடுத்தார்.

"இது சீழ் இல்ல சார், பழைய ரத்தம். கீறினா நிக்காது. திருப்பதி டாக்டர் எழுதின சீட்டு இருக்குது, பாருங்க" என்றார் அண்ணன்.

"எனக்கே பாடம் சொல்றியா? படு."

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாடா?" என்றார் பெரியநைனா.

சீட்டு என் கையில் இருந்தது. நானும் வாயடைத்து நின்றேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ரத்தம் நிற்கவில்லை. திருப்பதிக்குக் கொண்டுபோனோம். என் கணவர் வந்து தன் ரத்தத்தைக் கொடுத்தார். நான்காம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார். அடக்க ஆராதனை முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போதே, "பொறந்த வீட்டு ரத்தம், என்ன பண்றது" என்று அம்மாவின் காதில் விழும்படி உங்களில் சிலர் பேசினீர்கள்.

பெயர் தெரியாத அந்தக் கண்டக்டருக்கும், வார்டு பெருக்கிய அம்மாளுக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட அந்த இளம் டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரவு பகல் பாராமல் அண்ணனின் மூட்டுகளுக்கு ஈரத்துணி போட்ட அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வயது போதாது.

இன்னொன்று. இரண்டு வயதாகும் என் மகனுக்கும் இதே நோய்தான் என்று சென்ற மாதம் பரிசோதனையில் தெரிந்தது. நினைவுக் கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. பந்திக்குப் போகும் வழியில் என் கணவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். உங்கள் ரத்தம் எந்த வகை, கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.