ஸ்டெல்லா மிஸ்ஸின் சொந்தக் காரணம்

செவ்வாய்க்கிழமை காலை, கடையின் ஷட்டரைப் பாதி உயர்த்தியபோது கைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஸ்டெல்லா மிஸ்ஸின் தங்கை. "சிவம் அண்ணன், அக்கா போயிட்டாங்க. விடியக்காலைலதான், களுபோவில ஆஸ்பத்திரியில" என்றார். ஷட்டரை மீண்டும் இழுத்து மூடிவிட்டு, கடை முன்னால் வீதியில் பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸ்ஸை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யுத்த காலத்தில், போன் பேசவும் ஃபாக்ஸ் அனுப்பவும் வெள்ளவத்தையில் சனம் வரிசையில் நின்ற நாட்களில், எங்கள் கொமியூனிகேஷன் கடையில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதியவர் அவர். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள், 'இந்தப் பல்கலைக்கழகத்தை நான் ஏன் தெரிவு செய்தேன்' என்று ஒரு பக்கம் எழுதி, விசா நேர்முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்காகவே மிஸ்ஸைத் தேடி வருவார்கள்.

உண்மையான காரணம் ஊருக்கே தெரியும். லொட்ஜில் தங்கும் தமிழ்ச் சனத்துக்குச் சோதனை, பொலிஸ் பதிவு. பிள்ளையை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும். மிஸ் அதோடு விடமாட்டார். வந்தவரை முன்னால் இருத்தி, "பயத்த ஒரு பக்கம் வைங்க. அந்த எடத்தில உங்களுக்கு என்ன ஆசை? ஒண்டாவது இருக்கும், சொல்லுங்க" என்பார். முக்கால் மணித்தியாலம் போகும். எனக்கோ பத்திக்கொண்டு வரும். வெளியே நாலு பேர் நிற்கிறார்களே! "மிஸ், பழைய கடிதத்தில பேரை மாத்திக் குடுத்தால் என்ன? வெள்ளைக்காரன் ஒப்பிட்டே பாக்கப் போறான்?" என்பேன்.

"காரணம் குடையில்ல சிவம், இரவல் குடுக்க" என்பார்.

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய தகப்பனார் கொழும்புத் துறைமுகத்தில் கிறேன் ஓட்டியவர். அவர் இறக்கிய மரப்பெட்டிகளில் இங்கிலாந்தின் துறைமுக நகரமொன்றின் பெயர் கறுப்பு மையில் அடித்திருக்கும். அந்தப் பெயரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. சின்ன வயதில் மிஸ் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆங்கிலச் சொல் அதுதானாம். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க வேண்டும். அப்பா இறக்கிய பெட்டிகள் புறப்பட்ட துறைமுகத்தில், மிஸ் சொல்வதுபோல் அந்த 'ஹாபரில்', ஒரு நாள் போய் நிற்க வேண்டும். இடம் கிடைத்துவிட்டது. கனடாவிலிருந்த அண்ணன் செலவை ஏற்றிருந்தார். விசா ஒன்றுதான் மீதி. தன் கடிதத்தையும் எழுதி, கடைக் கணினியில் வைத்திருந்தார்.

செவ்வாய்தோறும் மிஸ் அரைநாள் லீவில் தேவாலயத்துக்குப் போவார். அப்படி ஒரு செவ்வாய் பின்னேரம் சுகந்தி என்ற பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்தவள். முதல் நாள் சோதனையில் அவளோடு அறையில் இருந்த தோழியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலை இவளுக்கு நேர்முகம். ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த இடமும் அதே பல்கலைக்கழகம். கையில் கடிதம் இல்லை.

மிஸ்ஸின் கடிதத்தைத் திறந்தேன். பெயரை மாற்றினேன். அச்சடித்துக் கொடுத்தேன்.

வாசித்தவள் திகைத்துப் போனாள். "அண்ணை, என்ர அப்பா கோப்பாயில வாத்தியாரல்லோ? இதில கிறேன் ஓட்டுறார் எண்டு கிடக்கு!"

"ஓட்டட்டும். பாடமாக்கிக்கொண்டு போ, பிள்ளை. நீ உயிர் தப்பினால் வாத்தியார் கோவிக்கமாட்டார்."

அவளுக்கு விசா கிடைத்தது. லட்டுப் பெட்டியோடு கடைக்கு வந்தாள். மிஸ்ஸும் ஒன்று எடுத்துச் சாப்பிட்டு அவளை வாழ்த்தினார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மிஸ்ஸின் முறை. கொள்ளுப்பிட்டியில் நேர்முகம் முடிந்து நேரே கடைக்கு வந்தார்.

"கிடைக்கல்ல, சிவம்."

"ஏன் மிஸ்?"

"இதே அப்பாவ போன மாசமும் பாத்தமெண்டு சொன்னாங்க. கொப்பியடிச்ச கடிதமாம்."

என் முகத்தைப் பார்க்காமலே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காத்திருந்த அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அந்த அப்பா தன்னுடையவர்தான் என்று அவர் அங்கே சொல்லியிருக்கலாம். போன மாதம் அந்த ஊருக்கு விசா கிடைத்தவள் யாரென்று மிஸ்ஸுக்குத் தெரியும்; சொன்னால் சுகந்தியின் விசா போயிருக்கும். சொல்லவில்லை. என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி விண்ணப்பிக்கவுமில்லை. அன்றிலிருந்து, ஒவ்வொரு கடிதத்தையும் அச்சடித்த கையோடு கணினியிலிருந்து அழித்துவிடுவார். அடுத்த மேசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபது வருடத்துக்குமேல் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீ, நானும் ஒரு மனிசன்!

போன மாதம் ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், "மிஸ், அந்தக் கடிதம்..." என்று தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தெரியும் சிவம். அந்தப் புள்ள அந்த ஹாபரப் போய்ப் பாத்தாளா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

தேடிப் பிடித்துச் சுகந்தியோடு கதைத்தேன். "இல்லை அண்ணை. வந்த ரெண்டாம் மாசமே வேலை தேடி லண்டனுக்கு வந்திட்டன். ஹாபர் பக்கமே போகேல்லை. அது ஆரின்ர அப்பாவின்ர கதை எண்டும் நீங்கள் சொல்லேல்லையே" என்றாள்.

மறுநாள் கட்டிலருகே போய் நின்றேன்.

"ஓம் மிஸ், பாத்தவளாம்."

"கப்பல் நிண்டுச்சாமா?"

"நிண்டதாம். பெரிய கப்பல். பெட்டி ஏத்திக்கொண்டு நிண்டதாம்."

மிஸ் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நேற்று அவரைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனை வீதியில் இறங்கினோம். கூரைகளுக்கு மேலே துறைமுகத்துக் கிறேன் ஒன்று, நின்று நிதானித்து, எதையோ இறக்கிக்கொண்டிருந்தது. தங்கைதான் அதை எனக்குச் சுட்டிக் காட்டினார்.

மிஸ், அவள் போகவில்லை. அந்தத் துறைமுகத்தை உங்களுக்காக ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. உங்கள் காரணத்தை எடுத்து இரண்டாம் முறையும் பொய் சொன்னவன் நான்தான். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல், இன்று ஊரறியச் சொல்கிறேன். சுகந்தி சுகமாக இருக்கிறாள், இரண்டு பெண் பிள்ளைகள். அது மட்டும் பொய்யில்லை. போய் வாருங்கள், மிஸ்.