மாட்டுவண்டியில் போன மோட்டார் சைக்கிள்

இத்தனை வருஷம் கழித்தும் அந்த மோட்டார் இன்ஸ்பெக்டரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் லஞ்சம் கேட்டார் என்றோ திட்டினார் என்றோ சொல்ல முடியாது. அப்படி ஏதாவது செய்திருந்தால் நான் அவரோடு மட்டும் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து ராஜபாளையத்துக்குத் திரும்பி, பஞ்சு மில்லில் பிட்டராகச் சேர்ந்திருந்த சமயம். பட்டாளத்தில் மூன்று வருஷம் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவன் நான். அதே மாதிரி வண்டிகளை மதுரையில் ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒன்றை எடுத்தேன். சவாரி ஆசையில் எடுத்ததல்ல. என் மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் படித்த மிட்வைஃப். சேத்தூர், தளவாய்புரம் பக்கமெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிரசவ வீட்டார்தான் மாட்டுவண்டி அனுப்பவேண்டும், அது வழக்கம். வலி கண்டபிறகு வண்டி பூட்டி, அது எங்கள் வீட்டுக்கு வந்துசேர ஒரு பொழுது, இவளை ஏற்றிக்கொண்டு திரும்ப ஒரு பொழுது. யாராவது சைக்கிளில் வந்து சொன்னால் போதும், அரைமணியில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன் என்பது என் கணக்கு.

வண்டி ரயிலில் பார்சலாக வந்தது. பதிவுக்கு மனுப்போட்டேன். மனுவோடு ஒரு தாளும் வைத்தார்கள்: பதிவாகும்வரை பொதுச்சாலையில் ஓட்டமாட்டேன் என்று அதில் கையெழுத்து. போட்டேன். பரிசோதனை, மாதம் ஒருநாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்க்கார் அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களா மைதானத்தில். நடுவே ஏழு மைல் பொதுச்சாலை. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பட்டாளத்தில் உத்தரவு என்றால் உத்தரவுதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் மாட்டுவண்டி கேட்டு, வைக்கோல் பரப்பி, மோட்டார் சைக்கிளை அதன்மேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மாட்டைப் பூட்டியபடியே சிரித்தார். "ஏமய்யா, ஓடுற வண்டிய ஓடாத வண்டி மாதிரி தூக்கிட்டுப் போறீரே. தேரு பாக்கவா போகுது?"

"எழுதிக் குடுத்திருக்கேம்லா," என்றேன்.

இன்ஸ்பெக்டர், பங்களா வாசல் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வண்டியை இறக்கியதை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

"ஏன், ஓடாதா?"

"நல்லா ஓடும் சார். பதிவாகாம ரோட்டுல ஓட்டக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காக. அதான்."

ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து காட்டினேன். அவர் அசையவில்லை.

"சத்தம் கேக்குது. பிரேக் பிடிக்குதான்னு ரோட்டுல ஓட்டித்தான் பாக்கணும்."

"ஓட்டிக் காட்டுறேன் சார்."

"பதிவாகாத வண்டிய என் கண்ணு முன்னாலயே ரோட்டுல ஓட்டுவீரா?"

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. 'ஓடும் நிலையில் கொண்டுவரப்படவில்லை' என்று எழுதி, அடுத்த மாதம் வரச் சொன்னார். குண்டு விழுகிற பாதையில் என்னைச் சுமந்த அதே ரக வண்டி ஓடாத வண்டியாம்! ஓட்டிவந்தால் குற்றம், ஏற்றிவந்தால் அதுவும் குற்றம் என்றால் மனிதன் எப்படித்தான் கொண்டுபோவது? திரும்பி வரும் ஏழு மைலும் மாட்டைப் பார்த்தே திட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த மாதத்தில்தான் தளவாய்புரத்திலிருந்து ஆள் வந்தது. தலைப்பிரசவம். விடியுமுன் பூட்டிய வண்டி எங்கள் வாசலுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. மாடுகளின் வாயில் நுரை. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகிவிட்டது என்று வண்டிக்காரர் சொன்னதும் என் மனைவிக்கு முகம் மாறியது.

"மோட்டார எடுங்க. கட்டவண்டியில போனா தாங்காது."

"கையெழுத்துப் போட்டிருக்கேன், ஏட்டி. வழியில பிடிச்சா பொறவு பதிவே ஆகாது."

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஏறிவிட்டாள். மோட்டார் சைக்கிள் கூடத்தில் நின்றது. பெட்ரோல்கூட இருந்தது.

மறுநாள்தான் திரும்பி வந்தாள். தாய் பிழைத்துவிட்டாள். ஆண் குழந்தை, போய்விட்டது. "செத்த நேரம் முந்திப் போயிருந்தா அவன உசுரோட எடுத்திருப்பேன்," என்று மட்டும் சொன்னாள். பிறகு துணிகளை ஊறவைக்கப் போய்விட்டாள்.

அடுத்த முகாமுக்கு மாட்டுவண்டி கேட்கவில்லை. காலை வெளிச்சத்தில், ஊர் பார்க்க, மோட்டார் சைக்கிளில் ஏறி ஓட்டிக்கொண்டே போனேன். பிடிக்கட்டும், கேஸ் போடட்டும், அந்தக் குழந்தையைப் பற்றி நாலு பேர் முன்னால் சொல்லிவிடுகிறேன் என்று வழியெல்லாம் பேச்சைத் தயார்செய்தேன். வழியில் ஒரு போலீஸ்காரர் எனக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

அதே வேப்பமரம், அதே நாற்காலி.

"எப்படி வந்தீரு?"

"ஓட்டிக்கிட்டு வந்தேன்," என்றேன், சார் போடாமல்.

"அப்ப ஓடுது," என்றார். பிரேக்கை ஒருதரம் அழுத்திப் பார்த்தார், ஹாரனை அடிக்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. நான் தயார்செய்த பேச்சுக்கு இடமே இல்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மூன்று வண்டிகளும் ஓட்டிக்கொண்டு வந்தவைதான். அந்தத் தாளில் அவர்களும்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதை மதித்த ஒரே மடையன் நான். இன்ஸ்பெக்டர் மீது வந்த கோபம் அங்கேயே பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. இன்றுவரை அது அங்கேதான் இருக்கிறது.

நம்பர் எழுதிய பெயிண்ட் காய்ந்ததும் மனைவியிடம் காட்டினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"தளவாய்புரம் போங்க."

"யாருக்கு வலி?"

"யாருக்கும் இல்ல. எம்புட்டு நேரம் ஆகுதுன்னு பாக்கணும்."

அந்தப் பிரசவ வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. இடுப்பிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள்.

"இருபத்தஞ்சு நிமிஷம்," என்றாள். "திருப்புங்க."