பூண்டுப் பரணில் ஒரு கேம் பெட்டி

வடகவுஞ்சியில் மழை மாதங்களில் எது கெட்டுப்போனாலும் அதற்குக் குளிர் பிடித்துவிட்டது என்றுதான் சொல்வோம். தீப்பெட்டிக்குக் குளிர் பிடிக்கும். ரேடியோவுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். அடுப்புக்கு மேலே உள்ள மூங்கில் பரணில் மலைப்பூண்டு கட்டுக்கட்டாகப் புகையில் காய்ந்துகொண்டிருக்கும். கெட்ட பொருளை அதன் நடுவே செருகி வைத்துவிட வேண்டும். பொருள் பிழைத்தாலும் பிழைக்கும், பிழைக்காமலும் போகும். பூண்டு வாசம் மட்டும் நிச்சயம்.

அப்படித்தான் எங்கள் கேம் பெட்டியும் பரண் ஏறியது.

அது இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற, பெரிய சோப்பு டப்பா அளவிலான கறுப்புப் பெட்டி. அத்தையின் ஒரே மகன், எங்கள் மச்சான், சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவரோடு வேலை பார்த்த பண்ணைக்காட்டுக்காரர் ஊருக்கு வந்தபோது அவரிடம் அண்ணனுக்கும் எனக்கும் என்று கொடுத்துவிட்டிருந்தார். கடையில் விற்கிற மாதிரியான பெட்டி இல்லை அது. மச்சான் தானே அதைப் பிரித்து, உள்ளே இருந்ததை மாற்றி, நகம் அளவு அட்டை ஒன்றில் ஏகப்பட்ட விளையாட்டுகளை ஏற்றியிருந்தார்.

இன்னொன்றையும் மாற்றியிருந்தார். சுவிட்சைத் தள்ளினால் கம்பெனிப் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு போட்டோ வரும். ஒரு பூங்கா பெஞ்சில் மச்சான். பக்கத்தில் சின்னக் கண்களோடு ஒரு பெண். அவள் மடியில் விரலைச் சூப்பிக்கொண்டு ஒரு குண்டுக் குழந்தை. மூச்சை இழுத்து விடுகிற நேரம்தான் அது நிற்கும். பிறகு விளையாட்டுகள் வந்துவிடும். அந்த நேரம்கூடப் பொறுக்காமல் அண்ணன் எல்லாப் பொத்தான்களையும் அமுக்குவான்.

அத்தை வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரில் ஒட்டியவை. மச்சான் அங்கேயே வேற்று நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று தெரிந்த நாளிலிருந்து, மாமா அந்த வீட்டில் அவர் பேரை எடுக்கவிடவில்லை. சுவரில் இருந்த பள்ளிக்கூட குரூப் போட்டோகூடக் கழற்றப்பட்டது. வந்த தபால்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். பிள்ளைகள் விளையாடுகிற பொம்மையோடு மட்டும் அவருக்கு வழக்கு இல்லை. அதை அவர் தொட்டுப் பார்த்ததும் இல்லை.

அத்தை சாயங்காலமானால் தயிருக்கு உறை கேட்டு வருவார். டம்ளர் கையிலேயே இருக்க, அண்ணன் பின்னால் வந்து நிற்பார்.

“ஏலே, ஒருக்கா அணைச்சுட்டுப் போடு.”

“இப்பத்தான அத்தே போட்டேன்? ரேஸ்ல பாதியில இருக்கேன்.”

“போடுலே. அந்த வெளிச்சம் நல்லா இருக்கு.”

அண்ணன் முனகிக்கொண்டே அணைத்துப் போடுவான். மூச்சை இழுத்து விடுகிற நேரம். அத்தை உறையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சுவிட்சைத் தள்ளினோம். போட்டோ வந்தது. வந்தது போகவில்லை. பச்சை விளக்கு எரிகிறது, பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அண்ணன் அணைத்து அணைத்துப் போட்டான். பேட்டரியைக் கழற்றி ஊதினான். அட்டையைச் சட்டையில் தேய்த்து மறுபடி செருகினான். அட்டையே இல்லாமல் போட்டுப் பார்த்தான். அப்போதும் அதே மூன்று பேர். நான் அழ ஆரம்பித்தேன்.

அழுகைச் சத்தம் கேட்டு அத்தை வந்தார். பெட்டியைக் கையில் வாங்கினார்.

“இது நகராதா?”

“நகராது அத்தே. செத்துப்போச்சு.”

“எம்புட்டு நேரம் இப்படியே நிக்கும்?”

“சார்ஜ் இருக்க வரைக்கும் நிக்கும்.”

அத்தை முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். “குளிர் பிடிச்சிருக்கு. பரண்ல போடுங்க, அதுபாட்டுக்குக் கெடக்கட்டும். அவசரப்பட்டுக் கழட்டிக்கிழட்டித் தொலைச்சிராதீங்க” என்றார். சார்ஜ் கம்பியைப் பரண் வரைக்கும் இழுத்து ஆணியில் சுற்றிக் கொடுத்தது, எதற்கெடுத்தாலும் எங்களை வைகிற அம்மாதான்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கண்ணில் புகை கலந்த வெள்ளைதான் நிற்கிறது. பின்வாசல் வழியாக மேகம் அடுக்களைக்குள் வரும். அடுப்புப் புகை மேலே போகும். இரண்டும் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே கலந்து அசையாமல் நிற்கும். அதற்குள் நீலமாக ஒரு சின்ன வெளிச்சம். முக்காலியில் ஏறி நின்று அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் மட்டும் தெரியும், உடம்பு புகைக்குள் இருக்கும். மேகத்துக்குள்ளிருந்து யாரோ எட்டிப்பார்ப்பது போல எனக்குத் தோன்றும். மிக்சியைத் தொடவே பயப்படுகிற அத்தை அந்தச் சுவிட்சைத் தள்ளக் கற்றிருந்தார்.

“காஞ்சிருச்சா அத்தே?”

“இன்னும் இல்லத்தா. நல்லாக் காயட்டும்.” பிறகு அங்கிருந்தே கேட்பார், “இந்தப் புள்ளைக்கு இந்நேரம் பல்லு மொளைச்சிருக்கும்ல?”

“அது போட்டோ அத்தே. எப்பவும் அப்படியேதான் இருக்கும்.”

“ஆமா, அதும் சரிதான்” என்பார் அத்தை.

ஒரு கல்யாணத்துக்கு அத்தையும் மாமாவும் வெள்ளனே கிளம்பி ஒட்டன்சத்திரம் போன நாளில், அப்பா உரம் வாங்கக் கொடைக்கானல் புறப்பட்டார். அண்ணன் பரணில் ஏறிப் பெட்டியை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அப்பாவோடு நாங்களும் ஜீப்பில் தொற்றிக்கொண்டோம். அவர் உரக்கடைக்குப் போனதும் நாங்கள் கடைவீதியில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் பாய் கடைக்கு ஓடினோம்.

பாய் பெட்டியை மூக்கருகே கொண்டுபோனார்.

“என்ன தம்பி, இதை ரசத்துல போட்டீங்களா?”

“குளிர் பிடிச்சிருந்துச்சுங்க பாய். காயவெச்சோம்.”

“குளிரும் இல்ல, காச்சலும் இல்ல. இது யாரோ பிரிச்சு மாத்துன சரக்கு. அந்தப் படம் வர்ற எடத்துலயே சிக்கிக்கிட்டு நிக்குது.” ஓரத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே சுவிட்சைத் தள்ளினார். வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்தன. “உயிர் இருக்கு. உள்ள கெடக்கறதைத் தொடச்சுட்டுப் புதுசா ஏத்துனா ஓடும். ஆனா தொடச்சா தொடச்சதுதான். முக்கியமா எதுவும் வெச்சிருக்கீங்களா?”

“கேம் போயிருமாங்க?”

“கேம் அட்டையில இருக்கு, அது போகாது. இந்தப் படம் போயிரும்.”

“அது கெடக்குதுங்க பாய். வெரசா ஏத்துங்க” என்றான் அண்ணன். நானும் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது மலை முழுக்க வெண்மையாக இருந்தது. ஜீப் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. அண்ணனும் நானும் பெட்டியில் மாறி மாறிக் கார் ஓட்டிக்கொண்டே வந்தோம். வீட்டில் பெட்டியைக் கண்டதும் அம்மா அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அடுப்பை ஊதப் போய்விட்டார்.

மாலையில் அத்தை வந்தார். கல்யாணப் பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. நேராக முக்காலியில் ஏறிப் பூண்டுக் கட்டுகளை விலக்கினார்.

“அங்க இல்ல அத்தே, இங்க இருக்கு! சரியாயிருச்சு!” என்று அண்ணன் குதித்தான்.

அத்தை முக்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார். “எங்க, போடு பாப்போம்.”

அண்ணன் போட்டான். கம்பெனிப் பெயர் வந்தது. உடனே விளையாட்டுகள் வந்தன.

“அணைச்சுட்டுப் போடு.”

போட்டான். கம்பெனிப் பெயர் வந்தது.

“அது எங்கலே?”

“அதாலதான் சிக்கிக்கிட்டு நின்னுச்சாம் அத்தே. பாய் தொடச்சு எடுத்துட்டாரு. இனிமே காத்திருக்கவே வேண்டாம், சட்டுனு வந்துரும்.”

அத்தை பெட்டியை வாங்கினார். தானே அணைத்தார், தானே போட்டார். மறுபடியும் அதையே செய்தார். அதைக் கீழே வைக்க மனமில்லாமல் அவர் நிற்பதைப் பார்த்து, அத்தைக்கும் விளையாட ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கையைப் பிடித்து உட்காரவைத்து, அவர் கட்டைவிரலை எடுத்துப் பொத்தான் மேல் வைத்தேன். இது போவதற்கு, இது திரும்புவதற்கு என்று சொல்லிக்கொடுத்தேன். அத்தை நான் சொன்னபடியே அமுக்கினார். சிவப்புக் கார் கொஞ்ச தூரம் ஓடிச் சுவரில் மோதி நின்றது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பரவால்ல அத்தே,” என்றேன். “திரும்பவும் மொதல்ல இருந்து வரும்.”