ஒரு ரவைக்கு அனுமதி

நான் புலம்பெயர்ந்து வாழும் குரோருட்டில், எங்கள் குடியிருப்பின் நிலவறையில், பக்கத்து வீட்டு ஆர்னே பழைய இராணுவத் துவக்கொன்றின் ரவைக்கூட்டில், சட்டம் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ரவை போகாதபடி அடைக்க, இரும்புத்துண்டொன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். இலையுதிர்கால மான் வேட்டைக்காக. நான் நகரசபையில் அனுமதிகள் வழங்கி ஓய்வுபெற்றவன் என்பதால், விதி கேட்க என்னைத்தான் கூப்பிடுவார். இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த மணம் என்னை வன்னிக்குக் கொண்டுபோனது.

அப்பாவிடமும் வெள்ளைக்காரப் படை கழித்துவிட்ட துவக்கொன்று இருந்தது. வயலை உழக்க வரும் காட்டுப்பண்டிகளைச் சுட, ஒரு நேரத்தில் ஒரு ரவை போடுவதற்கு மட்டுமே அனுமதி. இன்னொன்று போகாதபடி அப்பா கொல்லனைக் கொண்டு ரவைக்கூட்டுக்குள் பாலைமரக் கட்டையை இறுக்கி அடைப்பித்தார்.

"அண்ணை, எல்லாரும் பொலிஸ் சோதிக்க வரேக்கை மட்டும்தான் கட்டை வைக்கினம். கழட்டுங்கோ," என்று சித்தப்பா சிரித்தார்.

"சட்டமெண்டா எல்லா நாளும் சட்டம்தான்ரா."

அந்தப் போகத்தில் வெடிபட்ட பண்டியொன்று திரும்பி வந்து சித்தப்பாவின் தொடையைக் கிழித்தது. அப்பா மடியிலிருந்து அடுத்த ரவையை எடுத்துப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் துவக்கைத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா இஞ்சை ஆரும் வைச்சிருக்கேல்லை ஐயா," என்று அப்பாவைப் பாராட்டினார்.

சின்னம்மா தலையை நிமிர்த்தினார். "அப்ப பிழையெல்லாம் என்ரை மனிசனிலதான்."

ஆர்னே துவக்கை நீட்டி, எல்லாம் விதிப்படிதானா என்று கேட்டார். விதிப்படிதான் என்றேன். சம்பளத்துக்காக எத்தனையோ பேரிடம் சொன்ன சொல் அது. சின்னம்மா உயிரோடு இருந்தவரை அவர் காதுபட ஒருநாளும் சொன்னதில்லை.