பந்தல்மேல் கேட்ட இருமல்

மின்சாரம் நின்றுபோனதும் தியாகராய நகர்க் கடைவாசல்களில் ஜெனரேட்டரைக் கிளப்புகிறார்கள். முதலில் ஒரு இருமல், பிறகு மூச்சுத்திணறல், அப்புறம்தான் ஓட்டம். அந்த முதல் இருமலுக்கே என் வலது கை இடுப்பைத் தடவுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் தடவுகிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். கல்யாணங்களுக்கு டைனமோ செட் வாடகைக்கு விடும் கொட்டகையில் பாயும் நானும் ரிப்பேர்க்காரர்கள். பாய் சிந்தாதிரிப்பேட்டைக்காரர், வெற்றிலைச் சிவப்பேறிய சிரிப்பு, யாரையும் சீண்டாமல் இருக்கத் தெரியாத வாய். பழைய மோட்டார் கார் இஞ்சினை டைனமோவோடு கோத்த எங்கள் செட்டில் சுவிட்சை நாங்கள் நம்புவதில்லை. ஒயரைத் தொட ஏறுகிறவன், இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவான். ஹேண்டில் மேலே இருந்தால் இஞ்சின் கீழே செத்த மாதிரி. அதோடு ஒரு குரலும் உண்டு. "பாய்!" என்பேன். "கீறேன் நைனா!" என்று பதில் வரும். அதற்குப் பிறகே கை வைப்பேன்.

மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டுக் கல்யாணம். காலை முகூர்த்தம் நெருங்குகையில் பந்தல் விளக்குகள் அணைந்தன. இஞ்சினை நிறுத்திவிட்டு ஏறினேன். குரல் கொடுத்தேன்.

"கீறேன் நைனா! சட்னு முடி, மேல இன்னா பொண்ணு பாக்குறியா?"

சிரித்துக்கொண்டே அறுந்த ஒயரின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்தேன். இஞ்சினுக்கு ஊற்றத் தண்ணீர் எடுக்கப் பாய் கிணற்றடிக்குப் போனார். வாசலில் வக்கீலின் குரல்: "முகூர்த்தம் தப்பிண்டிருக்கு! யாராவது அதைக் கிளப்புங்களேண்டா!"

அப்போது கேட்டது, அந்த இருமல்.

ஹேண்டில் என் இடுப்பில் குளிர்ந்து கிடந்தது. அப்படியானால் கீழே சுற்றுவது எது? ஒயரை விடு என்று மனசு கதறியது, விரல்கள் திறக்கவில்லை. பயம் கத்தும் என்று நினைத்திருந்தேன். அது வாயை அடைத்துவிட்டு, காதை மட்டும் திறந்துவைத்திருந்தது. இரண்டாவது இருமல். மூச்சுத்திணறல். தகரக் குடம் உருளும் ஓசை. பாயின் அலறல். பிறகு நிசப்தம்.

வக்கீல் வீட்டுக் கார் டிரைவர் தன் காரின் ஹேண்டிலைப் போட்டிருக்கிறான். "நம்ம வண்டி மாதிரி இஞ்சின்தானே பாய், கரெக்டா பூந்துச்சு" என்று அழுதான். பாய் ஓடிவந்து, இஞ்சினுக்குத் தீப்பொறி போகும் ஒயரை வெறுங்கையால் பிடுங்கி அதை நிறுத்தியிருந்தார். ஷாக் உதறியெறிந்த கை, இன்னும் சுழன்றுகொண்டிருந்த இஞ்சின் விசிறியில் விழுந்திருந்தது. நான் இறங்கி வந்தபோது ரத்தம் தோய்ந்த துண்டுக்குள் கையைப் பொத்திக்கொண்டு, வெளுத்த உதட்டோடு என்னை ஏறிட்டார்: "இன்னா நைனா, முழுசா வந்துட்டியா?"

காயம் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடிக்காத கைக்குக் கொட்டகையில் வேலை இல்லை. ஆம்பூரில் தம்பியின் கடைக்குக் கிளம்பினார். வழியனுப்ப சென்ட்ரல் போனேன். அன்றிலிருந்து ஏணியில் கால் வைக்குமுன் இடுப்பு ஹேண்டிலை மூன்று தடவை தடவிப் பார்ப்பதை யாரிடமும் சொன்னதில்லை. வண்டி ஊதியது. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அந்தக் கை என் சட்டையைப் பற்றப் பார்த்து, பற்ற முடியாமல் நழுவியது.

"ஹேண்டில மட்டும் நம்பாத. ஏறுனா கொரலு குடு. கீழேர்ந்து பதிலு வரலேன்னா ஒயர தொடாத, நைனா."