முப்பத்தேழு வீட்டுக்கும் ஒரே நம்பர்

1. இதர புகார்

"எங்க வீட்ல பதினோரு மணிக்கு கரண்ட் ஏறுதுன்னு கடைக்காரருக்கு யார் சார் சொன்னது?"

எங்கள் தீவின் ஜங்லிகாட் பஜாரில் எங்கள் ஆபீஸ் கவுண்டர். திங்கட்கிழமை காலை. கேட்டவர் வண்டூரிலிருந்து பஸ் பிடித்து வந்த தனலட்சுமி. 'பில் ஏன் இவ்வளவு?' என்று சண்டைக்கு வருகிறவர்கள்தான் எனக்குப் பழக்கம். எங்கள் புகார்ப் பட்டியலில் ஒன்பது வகை உண்டு. மீட்டர் எரிந்தது, மீட்டர் ஓடவில்லை, மீட்டர் கண்டபடி ஓடுகிறது, இப்படி. 'மீட்டர் ஊரெல்லாம் போய்ப் பேசுகிறது' என்று ஒரு வகை இல்லை. 'இதர' என்பதில் டிக் அடித்துவிட்டு, "உட்காருங்கம்மா" என்றேன்.

நான் அப்போது ஸ்மார்ட் மீட்டர் மாட்டும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டேட்டா சூப்பர்வைசர். கம்பெனி பேர் வேண்டாம். பென்ஷன் இல்லாத உத்தியோகம், வம்பாவது இல்லாமல் இருக்கட்டும்.

தனலட்சுமிக்கு ஒரு தனியார் போட் முதலாளியிடம் டிக்கெட் கவுண்டரில் வேலை. டூரிஸ்ட் போட்டுகள் காலை ஒன்பதுக்குப் புறப்பட்டால் ஒன்றரைக்குத்தான் திரும்பும். நடுவில் கவுண்டரில் ஈ காக்கா இருக்காது. ஆனாலும் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். வீடு பத்து நிமிட நடை. புருஷன் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் வேலை, போனால் வாரக்கணக்கு. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில்.

"யாருமில்லாத வீட்ல தினமும் பதினோரு மணிக்கு கரண்ட் எப்படி ஓடும்னு முதலாளி கேக்குறாரு. கவுண்டரைப் போட்டுட்டு நான் வீட்டுக்குப் போயிடறேனாம். சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லலைன்னா வேற ஆள் போடுவாராம்."

"நீங்க போகலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அப்ப வீட்ல வேற யாருன்னு கேக்குறாரு."

வீட்டில் இருந்தது அவர் என்றால் வேலை போகும். அவர் இல்லை என்றால் பேர் போகும். நல்ல கிடுக்கிப்பிடி. அதைச் செய்து கொடுத்த ஆசாரி யார் என்று யோசித்தேன். யோசிக்க ரொம்ப நேரம் தேவைப்படவில்லை.

2. நூறு சதவீதம்

பழைய மீட்டர் யோக்கியன். மாதம் ஒருமுறை ஆள் வந்து எண்ணைப் பார்ப்பார், ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார், போவார். புதுசு அப்படியில்லை. அரைமணிக்கு ஒருதரம் கணக்கு அனுப்பும். அதைப் பார்க்க ஒரு ஆப். ஆப்புக்குள் போக ஒரு மொபைல் நம்பர். அந்த மாதத்துக்குள் எல்லா இணைப்புக்கும் நம்பர் ஏற்றியாக வேண்டும் என்று மெயின்லேண்டிலிருந்து உத்தரவு.

எங்கள் மேனேஜர் மண்டல் சாப். அவர் பேசுவது தீவு ஹிந்தி, இங்கே முக்கால்வாசி தமிழில் தருகிறேன். "முருகேசன்ஜி, சௌ பர்சென்ட். நூத்துக்கு நூறு. தொண்ணூத்தொன்பது வந்தா என் முகத்துல முழிக்காதே."

வண்டூர்ப் பக்கம் ஆளுக்கொரு நம்பர் கேட்டால் எங்கே போவார்கள்? மெயின்லேண்ட் போகும்போது ஒரு சிம், திரும்பி வந்தால் வேறொரு சிம். சில வீடுகளில் டவர் கிடைக்க வேண்டுமென்றால் தென்னை மரம் ஏற வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். எந்த ஃபாரம் நம்பர் கேட்டாலும் மளிகைக்கடை அண்ணாச்சியின் நம்பரை எழுதிவிடுவார்கள். கேஸ் புக்கிங், பள்ளிக்கூடம், பார்சல், கல்யாணத் தரகர், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நம்பர்தான். அண்ணாச்சியும் சலிக்காமல் வாசலுக்கு வந்து பேரைச் சொல்லிக் கத்துவார். அதில் யாருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை. மீட்டர் மாட்டப் போன எங்கள் ஆட்கள் நம்பர் கேட்டபோதும், "கடை நம்பரைப் போட்டுக்கோங்க" என்றார்கள். முப்பத்தேழு வீடு.

லிஸ்ட் என் மேஜைக்கு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, சாஃப்ட்வேருக்கு எங்களைவிட புத்தி உண்டு. ஆறாவது வீட்டிலேயே சிவப்புப் பெட்டி காட்டியது. 'இந்த நம்பர் ஏற்கெனவே ஐந்து இணைப்புகளில் உள்ளது. தொடரலாமா?' தொடரலாம் என்று அமுக்கினேன். மறுபடி கேட்டது. மறுபடி அமுக்கினேன். முப்பத்திரண்டு தடவை அந்தச் சாஃப்ட்வேர் என்னைக் கெஞ்சியது. கடைசிப் பத்தை டீ குடித்துக்கொண்டே அமுக்கியதாக ஞாபகம்.

நூறு சதவீதம். மண்டல் சாப் கேக் வெட்டினார். எனக்கு ஒரு சர்டிஃபிகேட்டும் கொடுத்து, போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார்கள்.

3. கிராஃப் ஜோசியம்

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சரக்கு எடுக்க ஜங்லிகாட் வந்த அண்ணாச்சி ஒருநாள் ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, போன்ல முப்பத்தேழு வீட்டு மீட்டரும் தெரியுது. மேடும் பள்ளமுமா என்னமோ கெடக்கு. இது என்னது?"

என்ன செய்திருக்க வேண்டும்? போனை வாங்கி, அவர் வீட்டைத் தவிர மற்றதை எல்லாம் எடுத்திருக்க வேண்டும். நான் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். "இந்த மேடு ஏறினா உள்ளே பெருசா ஏதோ ஓடுது அண்ணாச்சி. தரையோட படுத்திருந்தா வீட்ல ஆள் இல்லை." கண் சரியாகத் தெரியவில்லை என்றார். எழுத்தைப் பெரிதாக்கியும் கொடுத்தேன். யானை தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். நான் வண்டூர்க்காரர்கள் தலையில் போட்டேன்.

ஆரம்பத்தில் ஊருக்கு அது நல்ல சேவையாகத்தான் இருந்தது. "ஏல, ஒன் வீட்டுல காலைல இருந்து பூஜ்யமா கெடக்கு. ஃபியூஸ் போயிருக்கும், போய்ப் பாரு." ஆள் ஓடிப் போய்ப் பார்த்தால் நிஜமாகவே ஃபியூஸ் போயிருக்கும். கும்பிடாத குறை.

அப்புறம் ருசி கண்டுவிட்டது. "என்னம்மா, மருமவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளோ? பத்து நாளா கிராஃப் எறங்கிக் கெடக்கே." "ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு லீவு போட்ட, வீட்டுல ஏசி ஓடுச்சே?" பருப்பு கட்டிக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு வீட்டுக்கும் ஜாதகம் கணித்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அடுத்தவன் வீட்டு மேடு பள்ளம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஒருநாள் போட் முதலாளி சோடா குடிக்க வந்தார். "மொதலாளி, ஒங்க கவுண்டர் பொண்ணு வீட்டுல தெனமும் பதினொண்ணுக்கு ஏறுது, பன்னெண்டுக்குள்ள எறங்கிருது. புருசன் கப்பல்ல. நான் ஒண்ணும் சொல்லல, ஒங்களுக்குத் தெரிஞ்சா நல்லதுன்னு சொல்லுதேன்" என்றாராம். ஒன்றும் சொல்லாதவர் இவ்வளவு சொன்னால், சொல்கிறவர் எவ்வளவு சொல்வார்!

4. காம் கதம்

தனலட்சுமியை உட்காரவைத்துவிட்டு நான் செய்த முதல் காரியம் அவர் கிராஃபைத் திறந்து பார்த்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆமாம், பதினொன்றுக்கு ஏறுகிறது. பார்த்து என்ன கிழித்தேன்? அவர் கேட்டது அதையில்லை, யார் சொன்னது என்று.

மண்டல் சாப்பிடம் போனேன்.

"கஸ்டமரே கொடுத்த நம்பர். நம்ம கல்தி கஹான்? நம்ம தப்பு எங்கே?" என்றார்.

"பில் மெசேஜுக்குத்தான் சார் கொடுத்தாங்க. எந்நேரம் வீட்ல ஆள் இருக்குன்னு கடைக்காரர் பார்க்கிறதுக்குக் கொடுக்கலை."

கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "மீட்டர் ஃபால்ட்டுன்னு ஒரு லெட்டர் அடி. ரீடிங் தப்பு, கிராஃப் தப்பு. அந்தம்மாவுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. காம் கதம், வேலை முடிஞ்சுது."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அது பிடித்திருந்தது. யாருக்கும் சேதாரமில்லாத பொய். என் முப்பத்திரண்டு அமுக்கலும் அதற்குள் புதைந்துவிடும். ஆசையோடு வெளியே வந்து தனலட்சுமியிடம் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மீட்டர் ஃபால்ட்டுன்னா வேற மீட்டர் மாட்டுவீங்கல்ல சார்?"

"ஆமா."

"அதுவும் பதினொண்ணுக்கு ஏறுமே. அப்ப அடுத்த வாரம் எந்தப் பொய்?"

இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. எனக்குத் தோன்றவில்லை, மண்டல் சாப்புக்கும் தோன்றவில்லை.

"எனக்குப் பொய் லெட்டர் வேண்டாம். உங்க ஆபீஸ்லேருந்து என் வீட்டு விஷயம் எப்படி வெளியே போச்சோ அதை அப்படியே எழுதிக் குடுங்க. தப்பு செஞ்சது நான் இல்ல" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் கம்பெனி வெப்சைட்டில் பிரைவசி பாலிசி என்று பதினாலு பக்கம் உண்டு. 'உங்கள் அந்தரங்கத்தை உயிராக மதிக்கிறோம்' என்ற ரீதியில் ஆரம்பிக்கும். ஆபீசில் அதைப் படித்தவர் எவரும் கிடையாது. அன்றைக்கு நான் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: எழுத்துமூல அனுமதி இல்லாமல் வாடிக்கையாளரின் உபயோக விவரத்தை மூன்றாம் நபருக்குக் காட்டமாட்டோம். அதை மேற்கோள் காட்டி, அந்த விவரம் என் கவனக்குறைவால் வேறொருவர் போனுக்குப் போனது என்றும், கிராஃப் யூனிட்டை மட்டுமே காட்டும், வீட்டில் ஆள் இருந்தார்களா இல்லையா என்பதைக் காட்டாது என்றும் எழுதி, என் பேரில் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தேழு இணைப்பிலிருந்தும் கடை நம்பரை எடுத்தேன். அண்ணாச்சியின் சொந்த வீட்டை மட்டும் விட்டுவைத்தேன், அது முப்பத்தெட்டாவது.

மாலைக்குள் நூறு சதவீதம் செத்துப்போனது. மண்டல் சாப் எனக்கு மெமோ கொடுத்தார். சர்டிஃபிகேட்டில் இருந்த அதே கையெழுத்து.

5. போட் ஆபீஸ்

சனிக்கிழமை தனலட்சுமியோடு நானும் போட் ஆபீசுக்குப் போனேன். முதலாளி லெட்டரை இரண்டு முறை படித்தார்.

"சரி சார், கம்பெனி தப்பு, ஒத்துக்கறேன். ஆனா கரண்ட் ஏறினது நிஜம்தானே? பதினோரு மணிக்கு வீட்ல என்ன ஓடுது? அதை மட்டும் சொல்லிடச் சொல்லுங்க."

நான் பாலிசியின் ஒன்பதாம் பக்கத்தை எடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் தனலட்சுமி பேசினார்.

"சார், உங்க வீட்டுக்கும் இவங்கதான் மீட்டர் மாட்டிருக்காங்க. கிராஃபைத் திறங்க. மணி மணியா நான் கேக்குறேன், நீங்க உங்க வீட்டு அக்காவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பதில் சொல்லுங்க. நீங்க முடிச்சதும் நான் சொல்றேன்."

நான் பையிலிருந்து ஆபீஸ் டேப்லெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "உங்க சம்மதம் இருந்தாத்தான் சார் திறப்பேன். கன்ஸ்யூமர் நம்பர் சொல்லுங்க."

முதலாளி டேப்லெட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். "அட, அதெல்லாம் எதுக்கு சார் இப்ப? குடும்ப விஷயம்." பிறகு தனலட்சுமியிடம், "சரி சரி, திங்கட்கிழமை சீக்கிரம் வந்துடும்மா, குரூப் புக்கிங் இருக்கு" என்றார். வேலை பிழைத்தது.

6. பஸ் ஸ்டாப்பில்

இதுவரை எழுதியதில் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்திருப்பேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸுக்காக நின்றேன். நன்றி சொல்ல தனலட்சுமியும் கூட வந்து நின்றார். மெமோ வாங்கியாயிற்று, லெட்டர் கொடுத்தாயிற்று, வேலையைக் காப்பாற்றியாயிற்று. இவ்வளவு செய்தவனுக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று எந்தச் சனி என் நாக்கில் உட்கார்ந்ததோ, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:

"அதில்லம்மா, நமக்குள்ள இருக்கட்டும். பதினொண்ணுக்கு அப்படி என்னதான் ஓடுது?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"நீங்களுமா சார்?"

அவ்வளவுதான். திரும்பி நடந்து போய்விட்டார். பஸ் முழுக்க அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே வந்தேன், பாதி வழியில் அதுவும் முடியாமல் போயிற்று.

டேட்டா வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஓடிபி, பாஸ்வேர்ட், யார் எதைத் திறக்கலாம் என்பதெல்லாம் டிரெயினிங்கில் சொல்லிக்கொடுப்பார்கள். அதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். சிவப்புப் பெட்டி வந்தால் டீயைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். ஆனால் எங்களிடமிருந்து கசிந்ததெல்லாம் பாஸ்வேர்ட் போய்க் கசிந்ததல்ல. அடுத்த வீட்டில் என்ன என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு அண்ணாச்சிக்கு இருந்தது, முதலாளிக்கு இருந்தது, லெட்டரில் கையெழுத்துப் போட்ட எனக்கும் இருந்தது.

அந்தப் பதினோரு மணிக்கு என்ன ஓடியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள். நீங்களும் இவ்வளவு நேரம் அதற்காகத்தான் படித்தீர்கள் என்றால், தம்பி, தங்கச்சி, தயவுசெய்து வேறு வேலை பாருங்கள்.