சும்மா கிடந்த மணல்

நான் ஒரு பொய் சொன்னேன். "சும்மாதான் கிடக்கிறது, சார்." அவ்வளவுதான். அதைச் சொல்லி ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

யாரும் என்னைக் குற்றம் சாட்டியதில்லை. நீங்களாவது சாட்டுங்கள்... அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். செங்கற்பட்டில் எங்கள் வீடு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் எனக்குக் கிராம சேவிகா வேலை. பெண்களுக்குச் சத்துமாவு கிண்டக் கற்றுக்கொடுப்பேன், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பேன். வறுமையை ஒழிக்க வந்தவள் என்று எனக்கு என்னைப் பற்றிப் பெரிய நினைப்பு!

கன்னியம்மாவை அங்கேதான் அறிந்தேன். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவன் விட்டுப்போன வலையைக் கொழுந்தன் எடுத்துப் போவான்; வலைக்கென்று ஒரு பங்கு மீன் அவளுக்கு வரும். அதை விற்றுத் தன் மகள் அஞ்சலையைப் படிக்கவைத்தாள். அஞ்சலையைப் பள்ளியில் சேர்த்தது நான்தான்.

சைக்கிள் வியாபாரி வருவான். அடிமாட்டு விலைக்குக் கேட்பான். கன்னியம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

"இஷ்டம்னா எடு அண்ணாத்த. இல்லன்னா போய்க்கினே இரு. நான் உப்பு போட்டு காய வச்சிக்கிறேன்."

அவன் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிப்போய்விட்டுத் திரும்பி வருவான். கேட்ட விலையைத் தருவான்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்தது குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த வெள்ளை மணல். பெண்கள் அங்கேதான் மீனைக் காயப்போடுவார்கள். மழை மாதங்களில் கட்டுமரம் இறங்காதபோது அந்தக் கருவாடுதான் கஞ்சிக்கு வழி.

"கீழ போட்டா அலை நனைச்சிடும். வூட்டாண்ட நாயும் காக்காவும் வுடாது. இந்த மணல் கீறதாலதான் அவன்கிட்ட நான் வாய் பேசறேன், டீச்சரம்மா" என்று அவளே சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று தப்பிக்க வழியில்லை... எல்லாம் தெரியும்.

ஆனால் அந்த நாற்றம்! புடவையில் ஏறி, வீடு வரை கூடவே வரும். திருக்கழுக்குன்றத்து பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள், காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள், பதிலே சொல்லவில்லை. நான் முந்தானையால் மூக்கைப் பொத்தும்போதெல்லாம் கன்னியம்மா சிரிப்பாள். "பழகிடும் டீச்சரம்மா." எனக்குப் பழகவில்லை. அந்த மணலை நான் வெறுத்தேன்.

அப்போதுதான் ஓர் அதிகாரி கடலோரத்தில் சவுக்குத்தோப்பு வைக்க இடம் தேடி என்னிடம் கேட்டார். மார்கழியில் வாருங்கள் என்று சொன்னது நான். மழையில் கழுவப்பட்டு மணல் வெறுமையாகக் கிடக்கும் மாதம். காலையில் வாருங்கள் என்றதும் நான்தான்... பெண்கள் கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போயிருக்கும் வேளை. ஆண்களுக்கு அந்த மணலைப் பற்றிக் கவலை கிடையாது.

"இதை யாராவது உபயோகிக்கிறார்களா?" என்று கேட்டார். சும்மாதான் கிடக்கிறது என்றேன்.

முள்வேலி வந்தது. கன்று நட்டார்கள், காவலாளியைப் போட்டார்கள். கன்னியம்மா என்னிடம்தான் ஓடி வந்தாள்.

"உன் பேச்சை கேப்பாங்க டீச்சரம்மா. நீ சொல்லேன் அவங்ககிட்ட."

சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லவில்லை. எதற்காக அந்தக் கையைப் பிடித்தேன்? இன்றும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்த மழைக்காலத்தில் அஞ்சலை பள்ளிக்கு வரவில்லை. பட்டணத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். கன்னியம்மா என்னிடம் சொல்லவே இல்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வேலையை விட்டுவிட்டு, விடைபெறக் குப்பத்துக்குப் போனேன். சவுக்கு ஆள் உயரம் வளர்ந்து, காற்றில் இரைந்துகொண்டிருந்தது. வியாபாரி விலை சொன்னான். மீன் கெட்டுப்போகும் முன் அவள் விற்றாக வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். கன்னியம்மா வாயைத் திறந்தாள். வேலிப் பக்கம் பார்த்தாள். கூடையை அவன் பெட்டியில் கவிழ்த்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை, சிரிப்பும் இல்லை.

"இப்பல்லாம் உன் பொடவை நாறறதில்ல, இல்ல டீச்சரம்மா?"

தெரிந்து கேட்டாளா? தெரியாமல்தான் கேட்டாளா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நான் "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன்.

இன்றும் கொடியிலிருந்து புடவையை எடுத்து மடிக்கும்போது ஒருமுறை முகர்ந்து பார்க்கிறேன். சோப்பு வாசனைதான் அடிக்கிறது.